புது டேப்லெட்: 64, 128, 256 ஜிபி... எதில் நிற்பது?

#1 நீலமை

நண்பர்களே, என் பழைய டேப்லெட் ஐந்து வருடம் உழைத்துவிட்டது. 32 ஜிபி. இப்போது எதைத் தொட்டாலும் "இடம் போதவில்லை" என்கிறது. ஒரு ஆப்பை அப்டேட் செய்ய இன்னொரு ஆப்பை வெளியே அனுப்ப வேண்டியிருக்கிறது. புதிது வாங்குவது என்று முடிவாகிவிட்டது. எந்த மாடல் என்பதில்கூட இவ்வளவு குழப்பம் இல்லை, ஸ்டோரேஜ் எவ்வளவு என்பதில்தான் இரண்டு வாரமாக நிற்கிறேன்.

நான் ஆசிரியை. வகுப்புக்குக் குறிப்பெடுப்பது, பிடிஎஃப் படித்து ஓரத்தில் கிறுக்குவது, விடுமுறையில் கொஞ்சம் ஓவியம், பயணத்தில் பையனுக்குக் கார்ட்டூன். கேம் கிடையாது. ஐபேடா ஆண்ட்ராய்டா என்பதும் இன்னும் முடிவாகவில்லை. எதுவானாலும் அடுத்த ஐந்து வருடம் தாங்க வேண்டும்.

"எவ்வளவு முடியுமோ அவ்வளவு பெரிசா வாங்கு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதை என் தம்பி ஏற்கெனவே சொல்லிவிட்டான்.

#2 சும்மாபார்ப்பவன்

64 போதும். என்னிடம் இருப்பது அதுதான், மூன்று வருடமாகிறது, இன்னும் 20 ஜிபிக்கு மேல் காலி. படம் பார்ப்பது ஸ்ட்ரீமிங்கில், போட்டோ எல்லாம் கிளவுடில். மிச்சமாகும் காசில் நல்ல பேனாவோ கீபோர்டோ வாங்குங்கள். தினமும் கையில் படுவது அதுதான்.

#3 பைட்டெண்ணி

பெட்டியில் போட்டிருக்கும் 64-ஐ முதலில் பிரித்துப் பார்த்துவிடலாம்.

தயாரிப்பாளருக்கு 1 ஜிபி என்றால் 100 கோடி பைட். விண்டோஸ் அதே பெயரில் 1024-ஐ மூன்று முறை பெருக்கி எண்ணுகிறது. அதனால் 64 என்பது விண்டோஸ் டேப்லெட்டில் 59.6 என்று தெரியும், 128 என்பது 119.2, 256 என்பது 238.4. யாரும் திருடவில்லை, அளக்கும் படிதான் இரண்டு. ஐபேட் ஆயிரக் கணக்கிலேயே காட்டுவதால் அங்கே இந்த ஏமாற்றம் இல்லை.

உண்மையான கடி இயங்குதளம்தான். 2013-ல் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் டேப்லெட்டான முதல் சர்ஃபேஸ் புரோ வந்தபோது, 64 ஜிபி மாடலில் வாங்கியவருக்கு மிஞ்சியது சுமார் 23 ஜிபி. பெரிய சலசலப்பே நடந்தது. ஐபேடிலும் ஆண்ட்ராய்டிலும் அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் சிஸ்டமும் கூடவே வரும் ஆப்களும் சேர்ந்து 10 முதல் 20 ஜிபி வரை எடுத்துக்கொள்வது சாதாரணம்.

நீங்கள் ஐந்து வருடம் என்கிறீர்கள். அதனால் இன்றைய அளவைவிட வளர்ச்சியைப் பார்க்க வேண்டும். சாதாரண ஐபேடின் ஆரம்ப மாடல் 2010-ல் 16 ஜிபி. 2017-ல் 32. 2021-ல் 64. 2025-ல் 128. கடைசி இரண்டு தாவலும் நான்கு நான்கு வருடத்தில் நடந்தவை. தயாரிப்பாளர் தானம் செய்யவில்லை. சிஸ்டமும் ஆப்களும் வீங்குகின்றன, சின்ன அளவை விற்றால் வாங்கியவர் வந்து சண்டை போடுவார். விண்டோஸ் பக்கமும் இதே கதை. 2015-ல் விண்டோஸ் 10-இன் 64 பிட் பதிப்பு கேட்டது 20 ஜிபி, 2019-ல் புதுச் சாதனங்களுக்கு 32, 2021-ல் விண்டோஸ் 11 வந்தபோது 64.

இப்போது சாதனத்துக்குள்ளேயே ஓடும் ஏஐ வேறு. ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் 2024-ல் வந்தபோது 4 ஜிபி காலி இடம் கேட்டது. அடுத்த அப்டேட்டிலேயே 7 ஆகிவிட்டது. சில வாரத்துக்குள்!

அதனால் 64 இன்றைக்கு ஓடும். ஐந்தாம் வருடத்தில், இப்போது உங்கள் 32 நிற்கிற இடத்தில் வந்து நிற்கும்.

#4 சும்மாபார்ப்பவன்

"ஓடும்" என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். எனக்கு அது போதும் :)

#5 கரிக்கோல்

நீலமை, "கொஞ்சம் ஓவியம்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். என்ன அளவுத் தாளில் வரைகிறீர்கள், எத்தனை லேயர் (ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து வரையும் அடுக்கு) போடுகிறீர்கள் என்று சொல்லாமல் இதற்குப் பதில் கிடையாது.

ஏ4 தாளை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) திறந்தால் 2480 க்கு 3508 பிக்சல். ஒரு பிக்சலுக்கு 4 பைட் என்றால் முழுதாக நிரம்பிய ஒரு லேயர் சுமார் 35 எம்பி. ஏ3 என்றால் அப்படியே இரண்டு மடங்கு. கோப்பாகச் சேமிக்கும்போது சுருங்கிவிடும், வெற்றிடம் அதிகமுள்ள லேயர் நன்றாகவே சுருங்கும். ஆனால் வரைந்துகொண்டிருக்கும்போது அது ரேமில், அதாவது வேலை நடக்கும்போது மட்டும் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் நினைவகத்தில், கிடக்கிறது. புரோகிரியேட் என்ற ஐபேட் ஓவிய ஆப்பில் "இதற்கு மேல் லேயர் கிடையாது" என்று ஒரு வரம்பு வரும் பாருங்கள், அதைத் தீர்மானிப்பது தாளின் அளவும் ரேமும்தான். ஸ்டோரேஜ் பாதி காலியாக இருந்தாலும் அந்த வரம்பு நகராது.

இன்னொன்று, வரைவதை அது பின்னணியில் டைம்லாப்ஸ் வீடியோவாகப் பிடித்துக்கொண்டே இருக்கும். பல மணி நேரம் வரைந்த படத்தில் அந்த வீடியோவே நிறைய இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும். வேண்டாம் என்றால் முதலிலேயே அணைத்துவிடுங்கள்.

அப்புறம் ரொம்ப முக்கியமானது: படங்கள் அந்த ஆப்புக்குள்ளேயே இருக்கின்றன. இடம் பண்ணுகிறேன் என்று ஆப்பை நீக்கினால் படங்களும் கூடவே போகும். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி ஒரு வருட வேலையைத் தொலைத்தார். ("ஒருவர்" யார் என்று கேட்காதீர்கள்.)

#6 மூன்றாம்பெஞ்சு

நான் மாணவன். டீச்சர், நீங்கள் குறிப்பெடுக்கும்போது கூடவே குரலும் பதிவு செய்வீர்களா? அதைச் செய்தால் கணக்கு மாறிவிடும்.

நொடிக்கு 64 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரப் பேச்சு 29 எம்பிகூட வராது. ஒன்றுமில்லாத மாதிரிதான் தெரியும். ஆனால் நான் ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் பதிவு செய்கிறேன், வருடத்தில் 200 நாள். 800 மணி நேரம், கிட்டத்தட்ட 23 ஜிபி. இரண்டாம் வருடம் முடிவதற்குள் என் 64 மூச்சுத் திணறியது. திரும்பக் கேட்டது மொத்தம் ஆறு பதிவு இருக்கும். அது வேறு விஷயம்.

#7 தாத்தாவின்டேப்

எதற்கு இவ்வளவு யோசனை? கார்டு போடும் வசதி உள்ள ஆண்ட்ராய்டு டேப்லெட்டாக 64 வாங்கி, ஒரு பெரிய மைக்ரோ எஸ்டி கார்டைச் செருகிவிட்டால் முடிந்தது. எங்கள் வீட்டுப் பெரியவருக்கு அப்படித்தான் செய்து கொடுத்தேன். பாட்டு, பழைய படம், பேரப்பிள்ளைகள் போட்டோ எல்லாம் கார்டில். நாலு வருடமாக ஒரு குறையும் இல்லை.

#8 உலர்சாலிடர்

பழுது பார்க்கும் மேசையிலிருந்து எழுதுகிறேன், அதனால் என் பார்வை கொஞ்சம் இருட்டாகத்தான் இருக்கும்.

தாத்தாவுக்குச் செய்தது சரியான வேலை. பாட்டு, படம், போட்டோ மூன்றும் கார்டுக்கென்றே பிறந்தவை. ஒருமுறை எழுதி நூறு முறை படிப்பவை. ஆனால் 64 நிரம்பி வழிவது பெரும்பாலும் அவற்றால் அல்ல, ஆப்களாலும் ஆப்கள் தமக்குள் சேர்த்துவைக்கும் தரவாலும்தான். அதைக் கார்டுக்கு நகர்த்துவது அவ்வளவு எளிதல்ல. 2015-ல் ஆண்ட்ராய்டு 6 வந்தபோது, கார்டையே உள் ஸ்டோரேஜ் மாதிரி வரித்துக்கொள்ளும் வசதியைக் கொடுத்தார்கள். நிறையத் தயாரிப்பாளர்கள் அதைத் திறந்துவிடவே இல்லை. திறந்துவிட்ட இடத்திலும் வேகம் இடிக்கும். யூஎச்எஸ்-1 வகைக் கார்டின் உச்ச வேகமே நொடிக்கு 104 எம்பி. டேப்லெட்டுக்குள் இருக்கும் மலிவான ஈஎம்எம்சி வகை ஸ்டோரேஜ் சிப்புக்குக்கூட உச்சம் நொடிக்கு 400, வேகமான யூஎஃப்எஸ் வகை என்றால் அதைப் போலப் பல மடங்கு. ஆப் ஓட்டுவதற்குச் சின்னச் சின்னத் துண்டாகப் படித்து எழுத வேண்டும், அதில் கார்டு இன்னும் பின்தங்கும். கார்டின் மேல் ஏ1, ஏ2 என்று போட்டிருப்பது அதைத்தான் சொல்கிறது. ஏ1 என்றால் நொடிக்குக் குறைந்தது 1500 முறை படிக்கும், 500 முறை எழுதும். ஏ2 என்றால் 4000, 2000, ஆனால் அந்த 4000 கிடைக்க டேப்லெட்டும் ஏ2-வைப் புரிந்துகொள்ள வேண்டும்.

கார்டு வாங்கியதும் அதன் முழு அளவுக்கும் கோப்புகளை நிரப்பி, திரும்பப் படித்துப் பாருங்கள். நான் ஒருமுறை 512 என்று எழுதிய கார்டை வாங்கினேன். உள்ளே இருந்தது 32. முதல் 32 ஜிபி வரை உத்தமன் மாதிரி நடந்துகொண்டது. அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் பெயர் மட்டும் இருந்தது, உள்ளே வெறும் குப்பை.

ஐபேட் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம், கார்டு செருக இடமே கிடையாது. 2010-லிருந்து இன்று வரை.

#9 நீலமை

எல்லோருக்கும் நன்றி. நான் நினைத்ததைவிட இது ஆழமான கிணறு!

கரிக்கோல், ஏ4-தான். பத்துப் பன்னிரண்டு லேயர் இருக்கும், இருபதைத் தாண்டியதில்லை. மூன்றாம்பெஞ்சு, குரல் பதிவு செய்ய ஆசை, இதுவரை செய்ததில்லை.

ஐபேடில் கார்டு இல்லை, சரி. வெளி டிரைவ் செருகலாம் என்கிறார்களே, அது?

#10 பைட்டெண்ணி

செருகலாம். 2019-ல் ஐபேடின் இயங்குதளமான ஐபேட்ஓஎஸ் 13 வந்ததிலிருந்து பென் டிரைவ், எஸ்எஸ்டி எல்லாம் ஃபைல்ஸ் ஆப்பில் தெரியும். ஆனால் யூஎஸ்பி-சி துளை ஒரே மாதிரி இருப்பதால் வேகமும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். 2022-ல் வந்த பத்தாம் தலைமுறைச் சாதாரண ஐபேடில் அந்தத் துளைக்குப் பின்னால் இருப்பது பழைய யூஎஸ்பி 2 வேகம், நொடிக்கு 480 மெகாபிட். காகிதத்தில் 60 எம்பி, நடைமுறையில் நாற்பதுக்குக் கீழே. 100 ஜிபி நகர்த்த முக்கால் மணி நேரம் பிடிக்கும். ஐபேட் ஏர் 10 ஜிகாபிட், புரோ 40 ஜிகாபிட்.

பழசை எடுத்து வைக்க டிரைவ் நல்ல இடம்தான், வருடத்துக்கு நாலு முறை உட்கார்ந்து செய்யும் வேலை. தினசரிக்கு ஒத்துவராது. டேப்லெட்டின் பக்கவாட்டில் ஒரு வயர் தொங்கிக்கொண்டிருந்தால் அது டேப்லெட்டாகவே இருக்காது. கார்ட்டூனுக்கும் இது உதவாது. ஸ்ட்ரீமிங் ஆப்பில் டவுன்லோட் செய்தவை பூட்டப்பட்ட கோப்புகள், ஐபேடில் அவை அந்த ஆப்புக்குள்ளேதான் இருக்கும். ஆண்ட்ராய்டில் நெட்ஃபிளிக்ஸ் மாதிரிச் சில ஆப்கள் கார்டில் இறக்க விடுகின்றன.

ஒரு வேண்டுகோள். பழைய டேப்லெட்டில் செட்டிங்ஸுக்குள் போய், ஸ்டோரேஜ் பக்கத்தில் எது எவ்வளவு என்று பார்த்து இங்கே போடுங்கள். ஊகத்தை விட்டுவிட்டு அதிலிருந்து பேசலாம்.

#11 நீலமை

பார்த்தேன். சிரிக்காதீர்கள்.

சிஸ்டம் 11 ஜிபி. ஆப்கள் 7. மெசேஜ் ஆப் மட்டும் தனியாக 6. கார்ட்டூன் 3. ஓவியம் 2.1. பிடிஎஃப் 1.4. என்னவென்றே தெரியாத "மற்றவை" 1. காலி இடம் அரை ஜிபி.

நான் இவ்வளவு நாளும் என் புத்தகங்களைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்து வருடப் படிப்பும் சேர்ந்து 1.4! "காலை வணக்கம்" படங்கள் 6!

#12 சும்மாபார்ப்பவன்

பார்த்தீர்களா? அந்த 6-ஐயும் 3-ஐயும் தூக்கிவிட்டால் 23 ஜிபிக்குள் வாழ்க்கை முடிந்தது. 64 போதும் என்று முதல் பதிலிலேயே சொன்னேன்.

#13 கரிக்கோல்

இல்லை. இந்தக் கணக்கை அப்படியே நம்பக் கூடாது. அரை வயிற்றோடு இருக்கிறவரிடம் "இதுவரை எவ்வளவு சாப்பிட்டீர்கள்" என்று கேட்டுவிட்டு, அதுதான் அவருடைய பசி என்று எழுதிக்கொள்வது மாதிரி இருக்கிறது.

நீலமை, உண்மையைச் சொல்லுங்கள். ஐந்து வருடத்தில் வரைந்தது 2.1 ஜிபிதானா? அல்லது இடம் இல்லாமல் அழித்தது போக மிச்சம் 2.1-ஆ?

#14 நீலமை

மாட்டிக்கொண்டேன்.

ஒவ்வொரு படம் முடிந்ததும் ஜேபெக்காக எடுத்துக்கொண்டு மூலக் கோப்பை அழித்துவிடுவேன். போன வருடம் ஒரு படத்தில் வானத்தின் நிறத்தை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. லேயர் இல்லை. முழுதும் மறுபடி வரைந்தேன். யோசித்துப் பார்த்தால் குரல் பதிவைத் தொடாததற்கும் இடம்தான் காரணம். பாடப் புத்தகங்களில்கூட ஸ்கேன் செய்த பெரிய பிடிஎஃப்களை இறக்காமல், அந்த அத்தியாயத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்வேன். அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டதால் குறை என்றே தோன்றவில்லை.

#15 பைட்டெண்ணி

சரியான அடி, கரிக்கோல். அளந்து பார்க்கச் சொன்னவன் நான், அளவுகோலே நெரிசலில் இருந்ததை யோசிக்கவில்லை. சும்மாபார்ப்பவனுடைய 64 நிரம்பாததற்கும் நீலமையின் 32 நிரம்பியதற்கும் காரணம் ஆளுக்கு ஆள் மாறும் பழக்கம்தான். அவர் எதையும் உருவாக்கவில்லை, பார்க்கிறார். பார்ப்பதற்கு இணையம் போதும். உருவாக்கியதை எங்காவது வைத்துத்தான் ஆக வேண்டும்.

#16 சும்மாபார்ப்பவன்

பெயரையே அப்படித்தானே வைத்திருக்கிறேன். ஆனால் கிளவுடை யாருமே பேசவில்லையே. உருவாக்கியதையும் அங்கே வைக்கலாமே?

#17 மூன்றாம்பெஞ்சு

வைக்கலாம் அண்ணா. ஆனால் இலவசம் கூகுளில் 15 ஜிபி, ஐகிளவுடில் 5 ஜிபி. கூகுளின் 15 மெயிலுக்கும் போட்டோவுக்கும் டிரைவுக்கும் சேர்த்து. முன்னே போட்டோவுக்கு எல்லையே இல்லாமல் கொடுத்தார்கள், 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு அது நின்றது. நான் அதை நம்பி எல்லாவற்றையும் ஏற்றியவன். இப்போது மாதம் மாதம் கட்டுகிறேன். ஐந்து வருடக் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் 128-க்கும் 256-க்கும் உள்ள வித்தியாசத்தோடு ஒப்பிடுங்கள்.

#18 உலர்சாலிடர்

தம்பி, கூட்டிப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் ஒன்றை இன்னொன்றுக்கு மாற்றாக வைக்காதே. இரண்டும் வேறு வேலை.

பெரும்பாலான டேப்லெட்டில் ஸ்டோரேஜ் சிப் போர்டிலேயே சாலிடர் செய்யப்பட்டது. சர்ஃபேஸ் புரோ 8 மாதிரி எஸ்எஸ்டியைக் கழற்ற முடிகிறவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. போர்டு போனால், அதோடு 64 போகுமா 512 போகுமா என்பதுதான் வித்தியாசம். என் மேசைக்கு வந்து "உள்ளே இருக்கிற போட்டோ மட்டும் கிடைத்தால் போதும்" என்று கேட்டவர்களில் யாரும் இடம் போதாமல் வந்தவர்கள் இல்லை. நிறைய இடம் இருந்ததால் எதையும் வெளியே எடுத்து வைக்காதவர்கள். டேப்லெட்டில் 256 இருந்தாலும் அதன் பிரதி வேறெங்காவது இருக்க வேண்டும். கிளவுடோ, கணினியோ, டிரைவோ, உங்கள் இஷ்டம்.

நிரப்புவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபிளாஷ் சிப்பில் பழையதன் மேல் நேரடியாக எழுத முடியாது. முதலில் ஒரு பெரிய தொகுதியை அழிக்க வேண்டும், அப்புறம்தான் எழுத்து. காலி இடம் இருந்தால் இந்த வேலையெல்லாம் நாம் பார்க்காத நேரத்தில் நடந்துவிடும். இல்லையென்றால் நாம் விரல் வைக்கும்போது நடக்கும், அதுதான் அந்த எரிச்சலூட்டும் திணறல். எது காலி என்று இயங்குதளம் சிப்புக்குச் சொல்லும் டிரிம் என்ற ஏற்பாடு ஆண்ட்ராய்டில் 2013-ல், 4.3 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முந்தைய டேப்லெட்டுகள் ஒரு வருடத்தில் கிழடு தட்டியதற்கு இதுவும் ஒரு காரணம். இப்போது நிலைமை எவ்வளவோ தேவலை. இருந்தாலும் பத்து, பதினைந்து சதவீதமாவது காலியாக விட்டுவைப்பது என் வழக்கம். அப்டேட் இறங்கவும் இடம் வேண்டுமே.

#19 கரிக்கோல்

கடைசியாக ஒரு கோணம் பாக்கி இருக்கிறது, விளம்பரத்தில் இதைப் பெரிய எழுத்தில் போட மாட்டார்கள். சில மாடல்களில் ஸ்டோரேஜைக் கூட்டினால் வேறு ஏதோ ஒன்றும் கூடவே மாறும்.

கேலக்ஸி டேப் எஸ்9-இல் 128 ஜிபிக்கு 8 ஜிபி ரேம், 256-க்கு 12. டேப் ஏ9-இல் 64-க்கு 4, 128-க்கு 8. 2024-இன் எம்4 சிப் உள்ள ஐபேட் புரோவில் 256-க்கும் 512-க்கும் 8 ஜிபி ரேம், 1 டிபியோ (ஆயிரம் ஜிபி) அதற்கு மேலோ போனால் 16, கூடவே பிராசசரில் ஒரு கோர் அதிகம். 2022-இல் வந்த எம்2 ஐபேட் புரோவில் 128 ஜிபி வாங்கியவருக்கு மட்டும் புரோரெஸ் (எடிட் செய்வதற்கான உயர்தர வகை) வீடியோப் பதிவு 1080பி-யோடு நின்றது, மற்றவர்களுக்கு 4கே. அதே வருடத்து ஐபேட் ஏரில், ரேம் போதாதபோது ஸ்டோரேஜைக் கடன் வாங்கும் வசதி ஐபேட்ஓஎஸ் 16-இல் வந்தது. ஆனால் 256 வாங்கியவருக்கு மட்டும், 64-க்குக் கிடையாது.

அதாவது டேப் ஏ9 மாதிரி ஒரு மாடலில் 64-ஐ ஒதுக்குவதற்கு முதல் காரணமே அந்த 4 ஜிபி ரேம்தான். நிரம்பிய இடத்தை நாளைக்குக் காலி செய்யலாம். ரேமை என்ன செய்வது?

நீலமைக்கு: ஏ4, இருபது லேயர் என்றால் 700 எம்பி. 8 ஜிபி ரேம் தாராளம். 12 தேடிப் போக வேண்டாம்.

#20 தாத்தாவின்டேப்

இதைப் படித்துவிட்டு எங்கள் டேப்பின் ரேமைப் பார்த்தேன், 4. அவர் அழுத்திவிட்டுக் காத்திருப்பதை நான் வயசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாவம்.

#21 சும்மாபார்ப்பவன்

வீடியோ எடுக்கிறவர்கள் வந்து "1 டிபி" என்று சொல்வதற்குள் இழையை மூடிவிடுங்கள்.

#22 பைட்டெண்ணி

அவர்களுக்கும் ஒரு வரி: ஆப்பிள் தரும் கணக்குப்படி, புதிய சுருக்க முறையில் 4கே 30 ஃபிரேம் வீடியோ நிமிடத்துக்கு 170 எம்பி, மணிக்கு 10 ஜிபி. 60 ஃபிரேம் என்றால் நிமிடத்துக்கு 400. டேப்லெட்டில் எடிட் செய்கிறவருக்கு 256 வெறும் தொடக்கம். நீலமைக்கு இது தேவையில்லை.

#23 நீலமை

உட்கார்ந்து பசியோடு ஒரு கணக்குப் போட்டேன், கரிக்கோல் சொன்ன மாதிரி :)

சிஸ்டம், வளர்ச்சியும் சேர்த்து 20. ஆப்கள் 15. குரல் பதிவு நாளைக்கு இரண்டு மணி நேரம் வீதம் ஒரு வருடத்துக்கு 12, வருடக் கடைசியில் கணினிக்கு மாற்றிவிடுவேன். ஓவியம், லேயரோடு, எதையும் அழிக்காமல் 10. ஸ்கேன் புத்தகங்களை இனி முழுதாக இறக்கினாலும் 5. மெசேஜ் ஆப்புக்கு 4, அதில் தானாக இறங்குவதை நிறுத்தியாகிவிட்டது. மொத்தம் 66. உலர்சாலிடர் ஐயாவின் காலி இடத்துக்கு 20. ஆக 86.

64 போதாது. 256-க்கு எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. கார்டு செருக இடம் உள்ள ஆண்ட்ராய்டில் 128, ரேம் 8. ஐபேட் எடுத்திருந்தால்? கார்டு கிடையாது என்பதால் இன்னும் கொஞ்சம் யோசித்திருப்பேன்.

#24 மூன்றாம்பெஞ்சு

ஐபேடாக இருந்தாலும் 128-தான் வரும் டீச்சர், 86 அங்கேயும் 86-தானே? கார்ட்டூன் மட்டும்தான் இடிக்கும். ஆமாம், கணக்கில் கார்ட்டூனையே காணோமே?

#25 நீலமை

அதை வேண்டுமென்றேதான் விட்டேன். பழைய டேப்லெட்டை முழுதாகத் துடைத்து, ஃபேக்டரி ரீசெட் செய்து பையனுக்குக் கொடுத்துவிட்டேன். சிஸ்டம் போக 20 ஜிபி காலி. மணிக்கு ஒரு ஜிபிக்குள் என்று வைத்தாலும் இருபது மணி நேரக் கார்ட்டூன். அவ்வளவு தூரம் நாங்கள் எங்கேயும் போவதில்லை.

தம்பியிடம் அவனுடைய டேப்லெட்டின் ஸ்டோரேஜ் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். 512-இல் 41 பயன்படுத்தியிருக்கிறான். அதில் 9 மெசேஜ் ஆப்.

#26 சும்மாபார்ப்பவன்

அவருக்கு 64 போதும்.